இன்னும் வரல

"யூ ஸ்டில் ஹேவன்ட் சென்ட் த ஃபைல்."

இங்கிலாந்து வந்து மூன்றாவது வாரம், பக்கத்து மேசைக்காரரிடம் நான் சாதாரணமாகச் சொன்ன வாக்கியம் இது. என் அப்பா வயது மனிதர். முகம் சிவந்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவரோடு ஏதாவது பிரச்சினையா என்றார். ஃபைல் இன்னும் வரவில்லை என்றுதானே சொன்னேன்?

மேனேஜரே விளக்கினார். "ஹேவன்ட் சென்ட் இட் யெட்" என்றால் அனுப்பவில்லை, அனுப்புவார், அவ்வளவுதான். யெட் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்துகொள்ளும் சாது. ஸ்டில்லைக் கொண்டுபோய் ஹேவன்ட்டுக்கு முன்னால் வைத்தால், எத்தனை நேரம்தான் காத்திருப்பது என்று எகிறுவதாகக் கேட்குமாம். மற்றபடி, நடந்துகொண்டே இருப்பதற்கு ஸ்டில்: "இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்." (இந்த ஊரில் இதற்குப் பயிற்சியே தேவையில்லை.)

நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே இன்னும்தான். இன்னும் தூங்குறான், இன்னும் எழுந்திருக்கல, இன்னும் ரெண்டு இட்லி வை. கோபம் வந்தால் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் போதும். "இன்னுமா தூங்குறே?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டால் போர்வை தானாகவே விலகும்.

அதிலும் நான் கடைமடைக்காரன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால், கல்லணைக்கு வர மூன்று நாலு நாள். அங்கிருந்து வெண்ணாறு; நீடாமங்கலம் பக்கம் அது மூன்றாகப் பிரியும்; எங்கள் பக்கம் முள்ளியாறு; அப்புறம் வாய்க்கால், அப்புறம் எங்கள் மதகு. மேல்மடையில் நாற்று பச்சை கட்டிய பிறகும் எங்கள் வாய்க்காலில் ஆடு மேயும். டீக்கடையில் எது என்று யாரும் கேட்பதில்லை. "இன்னும் வரலயா?" என்றால் தண்ணீர்தான். "இன்னும் வரல" என்பதில் எரிச்சல் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று அங்கே யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே வந்து அதை ஸ்டில், யெட் என்று கூறுபோட வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. ஒருநாள் பஸ் இருபது நிமிடம் தாமதம். பக்கத்தில் நின்ற பாட்டியிடம், "இட் ஸ்டில் ஹேஸன்ட் கம்" என்றேன், உரிய எரிச்சலோடு. பாட்டிக்கு ஒரே சந்தோஷம். பஸ் வரும்வரை இருவரும் சேர்ந்து புலம்பினோம். குடியுரிமையே கிடைத்த மாதிரி இருந்தது.

போன ஜூன் கடைசியில், அப்பாவோடு பேசிவிட்டு ஆபீஸ் போனேன். பக்கத்து மேசைக்காரருக்கு இப்போது எங்கள் வாய்க்கால் கதை முழுதும் அத்துப்படி. காபிக் கோப்பையோடு வந்து, "ஹேஸ் த வாட்டர் கம் யெட்?" என்றார்.

காதில் அப்பாவின் குரல்தான் இருந்தது. "இன்னும் வரலப்பா. வரும், வரும். நீ சாப்பிட்டியா?"

"ஸ்டில் நாட் கேம்" என்றேன்.