ஜெப்பெட்டோ விற்ற கோட்

தொண்ணூறுகளின் முற்பகுதியில், போர்க்காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்த வகுப்பு எங்களுடையது. அப்போது நம் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த சேர், பாடம் முடிந்து மிஞ்சிய நேரத்தில் ஜெப்பெட்டோ என்ற தச்சர் செதுக்கிய மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் கதையைத் தமிழில் சொல்லுவார். 1940இல் வந்த டிஸ்னியின் பினோக்கியோ அல்ல. கார்லோ கொலோடி 1881இல் சிறுவர் பத்திரிகையொன்றில் தொடராக எழுதத் தொடங்கிய மூலக்கதை. அதில் புத்தி சொல்ல வந்த சில்வண்டு சுத்தியலடியில் சாகும். பையனை ஓக் மரத்தில் தூக்கிலிட்டுத்தான் கொலோடி முதலில் கதையை முடித்தார், பிறகுதான் தொடர்ந்தார்.

ஆகவே, இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோவின் 2022ஆம் ஆண்டுப் படத்தை 'இருண்ட பினோக்கியோ' என்று பிள்ளைகள் எச்சரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படம் தொடங்கியதும் சிரிப்பு போய்விட்டது. திரும்பிப் போகும் விமானங்கள் சுமை குறைக்கப் போட்ட குண்டு தேவாலயத்தில் விழுந்து ஜெப்பெட்டோவின் மகன் இறக்கிறான். பொம்மர் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டோடிய பையன்கள் மூலக்கதையில் கழுதையாகிறார்கள். இங்கே, முசோலினியின் இத்தாலியில், துப்பாக்கி பிடிக்கப் பழகுகிறார்கள். அதைப்பற்றி நீட்டி எழுதினால் இந்த மலரின் ஆசிரியர்குழு வெட்டிவிடும், விடுகிறேன்.

இவ்வளவு துணிந்த டெல் டோரோ பசியை ஏன் கைவிட்டார் என்பதுதான் என் மனத்தாங்கல். கொலோடியின் ஜெப்பெட்டோ, பினோக்கியோவுக்கு அரிச்சுவடி வாங்க, பனிக்காலத்தில் தன் ஒரே கோட்டை விற்கிறார். படத்தில் இறந்துபோன மகனின் புத்தகமே கைமாறுகிறது, கோட்டுக்கு வேலையில்லை. மூன்று பேரிக்காய்களின் கதையும் இல்லை. தோல் சீவித் தந்தால்தான் தின்பேன் என்று அடம்பிடித்த பையன், பசி அடங்காமல் கடைசியில் தோலையும் நடுத்தண்டையும் தின்று தீர்ப்பான். பேரிக்காயைக் கண்டிராத எங்களுக்காகச் சேர் அதைக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆக்கிவிட்டார். கத்தியில்லாத கையால் காற்றில் அவர் தோல் சீவுவார். பின்வாங்கில் யாரோ எச்சில் விழுங்குவது கேட்கும். பொருளாதாரத் தடைக்காலத்து மத்தியானம் அது.

முடிவில் மட்டும் நான் டெல் டோரோவின் பக்கம். கொலோடியின் பையன் மனிதப் பிள்ளையானதும், நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் தன் பழைய மரவுடலைப் பார்த்து, எவ்வளவு கேலியாக இருந்தேன் என்கிறான். அந்த அத்தியாயத்தைச் சேர் ஒப்புக்குச் சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கிவிடுவார். படத்துப் பையன் மரமாகவே இருக்கிறான். அப்படியே அவனைப் பிள்ளையாக ஏற்க ஜெப்பெட்டோதான் பழகிக்கொள்கிறார்.