பச்சைப் பென்சிலும் ஒரு கோடு போட்ட நோட்டும்

இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் நாள். தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வார்டுக்கு வந்த நர்ஸ் என் கணவரிடம் ஒரு தாளை நீட்டி, "ரெண்டாச்சே, அப்படியே ஆபரேஷனும் பண்ணிருவோமா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். காப்பர் டி-யும் வேண்டாம் என்றதும், "அப்ப என்னதான் பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

வேண்டாம் என்றதற்குக் காரணம் தெரியும். ஆபரேஷன், காப்பர் டி மாதிரி செயற்கைத் தடைகள் கூடாது என்பது எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஃபாதர் ஒருமணி நேரம் இதைப் பற்றிப் பேசியிருந்தார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 அன்று கையெழுத்திட்ட 'ஹூமானே வீத்தே' (மனித உயிர்) சுற்றுமடல் அதன் அடிப்படை. (எங்கள் கோயில் கொடியேற்றம் ஜூலை 26. அதனால்தான் அந்தத் தேதி மனதில் நின்றது.) முடிந்தவரை பெற்றுக்கொண்டே இரு என்று திருச்சபை சொல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. தக்க காரணம் இருந்தால் பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடலாம், அதற்கு இறைவன் பெண்ணுடலில் வைத்திருக்கும் கருத்தரிக்காத நாட்களைப் பயன்படுத்தலாம் என்றுதான் சொல்கிறது. இதை நாங்கள் மனதார ஏற்றுக்கொண்டவர்கள். ஆனால் அந்த நாட்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அன்று கவனித்துக் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது யார்தான் கேட்பார்கள்?

முதல் ஆறு மாதம் சிரமம் இல்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாதவரை, மாதவிலக்கு திரும்பாதவரை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்வரை கருத்தரிப்பது மிக அரிது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் கணக்கு மாறிவிடும். ராகிக்கூழ் ஆரம்பிக்கிற நேரம் வந்ததும் பயம் வந்தது. பங்குத்தந்தையிடம் கேட்டோம். முன்பு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டரிடம் அனுப்பினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் சொல்லித்தருவேன்" என்றார் சிஸ்டர். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. லீவு போட்டுவிட்டு வந்தார்.

சிஸ்டர் முதலில் என்னிடம் கேட்டது, "மாதவிலக்கு இல்லாத நாள்ல ஈரமா வருமே, அதை நீங்க என்னன்னு சொல்வீங்க?" வெள்ளைப்படுதல் என்றேன். அதற்கு இரண்டு முறை மாத்திரைகூடச் சாப்பிட்டிருக்கிறேன். அரிப்பு, நாற்றம், நிறமாற்றம் இருந்தால்தான் அது நோய், அதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றார். மற்றபடி, கருமுட்டை வெளிவருவதற்கு முன் கர்ப்பப்பையின் வாய் சுரக்கும் நீர் அது. நம் ஊரில் நோய்க்கும் இதற்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், உடல் நலமாக இருக்கிறது என்பதற்கான அடையாளத்தையே பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கிறோம். என் அம்மாவும் மறைத்தார், நானும் மறைத்தேன். முப்பத்தோரு வயதில்தான் எனக்கு இது தெரிந்தது என்பதில் இன்றும் வருத்தம் உண்டு.

சிஸ்டர் சொல்லித்தந்தது பில்லிங்ஸ் முறை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டாக்டர் ஜான் பில்லிங்ஸ் 1953-ல் ஆரம்பித்த ஆய்வு அது. பிறகு அவர் மனைவி டாக்டர் ஈவ்லினும் சேர்ந்துகொண்டார். வெப்பமானி வேண்டாம், உள்ளே சோதிக்கவும் வேண்டாம். வேலை செய்துகொண்டு நடமாடும்போது வறட்சியாக இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா, வழுக்கலாக இருக்கிறதா என்று கவனித்து, ராத்திரி ஒரு கோடு போட்ட நோட்டில் கலர்ப் பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். உதிரத்துக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை. கருத்தரிக்கக்கூடிய நாளுக்கு வெள்ளைக் கட்டத்தில் ஒரு குழந்தைப் படம். மாறாமல் ஒரே மாதிரி இருக்கும் கசிவுக்கு மஞ்சள். வழுக்கல் உணர்வின் கடைசி நாளுக்கு உச்ச நாள் என்று பெயர். அது உச்ச நாள் என்பது மறுநாள்தான் தெரியும். அதற்குப் பிறகு நான்காம் நாளிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை தடை இல்லை.

கற்றுக்கொள்ளும் முதல் சில வாரங்கள் சேரக்கூடாது என்றார். ஈஸ்டருக்கு முன் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கியிருந்தது. அதனால் அது எங்களுக்குப் பாரமாகத் தெரியவில்லை.

உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டருக்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. பால் கொடுக்கிற உடம்பு கருமுட்டையை வெளிவிட முயற்சி செய்யும், நிறுத்திவிடும், மறுபடி முயற்சி செய்யும். பச்சை இருந்தால் ஒன்றுவிட்ட மாலைகளில் சேரலாம். நடுவே ஒருநாள் விடுவது, மறுநாள் கவனிப்பது குழம்பாமல் இருப்பதற்காக. ஈரம் தெரிந்தால் அது நிற்கும்வரை பொறுத்து, அதற்கு மேல் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். மே மாதத்தில் மூன்றாம் நாள் எண்ணும்போது மறுபடி ஈரம் வந்து, எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்படியே பதினேழு நாள் போனது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒருநாள் அவர் நோட்டைத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் கோபமும் வந்தது.

நாள் எண்ணினால் போதுமே என்றார் பக்கத்துவீட்டு அக்கா. மாதவிலக்கே திரும்பாதவளுக்கு எதிலிருந்து எண்ணுவது?

மறுபடி சிஸ்டரிடம் போனோம். நோட்டைப் புரட்டிப் பார்த்து, தப்பு எதுவும் இல்லை என்றார். அப்புறம் என் கணவரைக் கேட்டார், "இதுல எழுதுறது யாரு?" நான்தான் என்றேன். "அப்போ ஒவ்வொரு நாளும் வேண்டாம்னு சொல்ற பாரம் முழுக்க இவ தலையில. இனிமே இவ சொல்லட்டும், நீங்க எழுதுங்க. காத்திருக்கணும்னா அதை நீங்க சொல்லுங்க."

அன்று ராத்திரி செபமாலை முடிந்ததும் அவர் பென்சில்களைச் சீவி எடுத்துவைத்தார். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் உடம்பைப் பற்றி அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. பிறகு நோட்டில் அவர் கையெழுத்துதான். வெள்ளைக் கட்டம் வந்தால், "இன்னும் நாலு நாள்" என்று அவரே சொல்வார். காத்திருப்பது அதனால் எளிதாகிவிடவில்லை. ஆனால் நான் தனியாகக் காத்திருக்கவில்லை.

ஜூன் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் நீரும் வழுக்கலும் இரண்டு நாள் இருந்து, சட்டென்று நின்றது. அவர் அந்த இடத்தில் உச்ச நாளுக்கான பெருக்கல் குறி போட்டார். சரியாகப் பதின்மூன்றாம் நாள் மாதவிலக்கு வந்தது. மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வந்துவிடும் என்று சிஸ்டர் சொன்னதை அன்றுதான் முழுவதும் நம்பினேன். பால் கொடுக்கும்போதே, மாதவிலக்கைப் பார்க்காமலே கர்ப்பமாகிற பெண்கள் எத்தனை பேர்!

இதைக் கற்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஐந்து நாடுகளில் சோதித்தபோது அதில் நம் பெங்களூரும் இருந்தது. பெரும்பாலான பெண்களால் முதல் மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடிய நாட்களை அடையாளம் காண முடிந்தது. ஆனால் கருத்தரித்தவர்களில் பெரும்பாலோர், அந்த நாள் எது என்று தெரிந்தும் விதியைத் தாண்டியவர்கள். யாராவது இது வேலை செய்யாது என்றால், நோட்டில் யார் எழுதினார்கள் என்று நான் கேட்பேன்.

இரண்டு வருடம் அந்த நோட்டு ஓடியது. போன வருடம் ஒரு ராத்திரி வெள்ளைக் கட்டத்தில் படம் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். "காத்திருக்கணுமா?" என்றார். நான் வேண்டாம் என்றேன்.

மூன்றாமவளுக்கு இப்போது ஐந்து மாதம். அடுத்த மாதம் ராகிக்கூழ் ஆரம்பிக்க வேண்டும். வேலையிலிருந்து வரும்போது கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.