பத்து மணி மாத்திரை

மார்ச் 3, திங்கள்
வேலூர். லாட்ஜ் மாறியாச்சு. காந்தி ரோடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். தெரு முழுக்க வங்காளி போர்டு, மீன் வறுக்கிற வாசனை. அப்பாவுக்கு மீன் என்றால் உயிர். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 4
புற்றுநோய்ப் பிரிவிலிருந்து சீட்டு எழுதி 'பாலியேட்டிவ்' என்று, வலியையும் உபத்திரவத்தையும் தணிக்கிற பிரிவுக்கு, அனுப்பிவிட்டார்கள். அண்ணன் போனில் ஒரே கேள்வி: "அப்ப கைவிட்டுட்டாங்களா?" எனக்கும் அதேதான் தோன்றியது, சொல்லவில்லை.

அங்கே போனால் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா எதிரில் உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் கவரை அப்புறம் பார்க்கலாம் என்றார். ராத்திரி தூங்குகிறீர்களா, வெளிக்குப் போகிறதா, எது ரொம்பப் படுத்துகிறது. வலி பத்துக்கு எவ்வளவு என்றதற்கு அப்பா நோட்டில் 'பன்னிரண்டணா' என்று எழுதிக் காட்டினார். மண்டிக் கணக்கு எழுதிய கை. ரூபாய்க்குப் பதினாறணா இல்லையா, டாக்டரம்மா யோசித்து ஏழரை என்று குறித்துக்கொண்டார். ஏழரையேதான், சந்தேகமென்ன.

மார்ச் 5
மார்ஃபின், அபின் வகை வலி மாத்திரை. 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒருதரம். காலை 6, 10, அப்புறம் 2, 6. ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு மாத்திரை, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாமாம். பொடி பண்ணித் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாயில் விட வேண்டும். கூடவே மலமிளக்கி, மார்ஃபின் இருக்கிறவரை அதுவும் உண்டு.

"அடிமையாகிடுவாரே" என்கிறான் அண்ணன். கன்னம் ஓட்டை விழுந்து கிடக்கிற மனுஷனைப் பற்றி.

மார்ச் 6
வெளிக்குப் போகவில்லை.

மார்ச் 7
இன்னும் இல்லை. வலி நாலணா!

மார்ச் 8
போனது. அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன், கட்டைவிரல் அனுப்பினான்.

மார்ச் 10
புண்ணின் வாடை. சித்தி வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனதற்கு அதுதான் காரணம் என்று அப்பாவுக்கும் தெரியும். இன்று சிஸ்டர் ஒட்டியிருந்த துணியை உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, இழுக்காமல் எடுத்தார். மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கி, திருநீறு மாதிரி புண்மேல் தூவினார். வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரைதான். வாடையைக் கிளப்புகிற கிருமி அதில் சாகுமாம். நாளையிலிருந்து நான்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நின்று பார்ப்பார்களாம். கை நடுங்கக் கூடாது.

மார்ச் 12
ஊரில் மார்ஃபினுக்கு எங்கே போவது? மாமா திருவண்ணாமலையில் ஏறாத மருந்துக்கடை இல்லை, ஒரு கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து வைக்காமல் விட்டவர்கள்தான், 2014இல் திருத்தி ஆஸ்பத்திரிகளுக்கு லைசென்ஸைச் சுலபமாக்கியும் பயம் போகவில்லை என்றார் டாக்டரம்மா. இங்கே எண்ணிக் கொடுத்து ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குகிறார்கள். சரி, தீர்ந்தால்? அப்பா வருவாரா, நான் மட்டும் வந்தால் தருவார்களா? அண்ணனிடம் கேட்டால் மறுபடி அடிமைக் கதை. வலிக்கு அளவாகச் சாப்பிடுகிறவர்கள் அப்படி ஆவது ரொம்ப அபூர்வம் என்று அவனிடமே போனில் சொன்னார்கள், ம்ம் என்றான்.

மார்ச் 13
அப்பா ராத்திரி குறட்டை விட்டார். எழுந்து எழுந்து மூச்சைப் பார்த்தேன்.

மார்ச் 14
நாளை ஊருக்கு. வண்டிக்காரர் ஆறு மணிக்கே வந்துவிடுவாராம். ஆறு மணி மாத்திரையை அஞ்சே முக்காலுக்குக் கொடுத்தால் பரவாயில்லையா, சிஸ்டரிடம் கேட்க வேண்டும்.