எலும்புக்கூடுகளின் கணக்கு: ஹீரோஸ் 3-ஐ ரசிகர்கள் திருத்திய விதம்

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 வெளிவந்தது 1999-ஆம் ஆண்டில். அதை உருவாக்கிய நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் இன்று இல்லை. அதன் தாய் நிறுவனமான 3டிஓ 2003-இல் திவாலாகி, உரிமை யூபிசாஃப்டிடம் போய்ச் சேர்ந்தது. 2015-இல் யூபிசாஃப்ட் கொண்டுவந்த புதிய பதிப்பில் மூல விளையாட்டு மட்டுமே இருந்தது. அதன் பிறகு வந்த இரண்டு விரிவாக்கங்களின் மூலநிரல் கிடைக்காததால் அவை சேர்க்கப்படவில்லை. ஆகவே இன்று போட்டிகளில் ஆடப்படும் ஹீரோஸ் 3 என்பது பெரும்பாலும் ஹார்ன் ஆஃப் தி அபிஸ் என்ற ரசிகர் மோட்தான் (மோட் என்பது மூல விளையாட்டை மாற்றியமைக்கும் திருத்தப் பதிப்பு). ரஷ்ய மொழி பேசும் ஆர்வலர்களை மையமாகக் கொண்ட ஒரு குழு 2011 இறுதியில் முதன்முதலாக வெளியிட்ட இந்த மோடை ஆடுபவர்கள் சுருக்கமாக ஹோட்டா என்பார்கள். சமநிலை என்ற பெயரில் எதைத் தொடவேண்டும், எதைத் தொடாமல் விடவேண்டும் என்ற கேள்விக்கு இந்த மோட் அளித்திருக்கும் விடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு நகரத்துடன் தொடங்குகிறார். நகரத்தில் ஏழு நிலைகளில் படையினர் வாரந்தோறும் கிடைக்கிறார்கள். ஹீரோக்கள் அந்தப் படையை அழைத்துக்கொண்டு வரைபடத்தில் சுற்றி, சுரங்கங்களைப் பிடித்து, வழிமறிக்கும் காவல் படைகளை வென்று, கடைசியில் எதிராளியைச் சந்திக்கிறார்கள். ஒருவர் நகர்த்தி முடித்த பிறகே அடுத்தவரின் முறை வரும். மூல விளையாட்டில் எட்டு நகரங்கள் இருந்தன; ஒன்பதாவதான கான்ஃப்ளக்ஸ், முதல் விரிவாக்கத்தில் வந்தது.

இவற்றுள் நெக்ரோபோலிஸ் எப்போதுமே வழக்குக்கு உரியது. அதன் ஹீரோக்களுக்கு நெக்ரோமான்சி என்ற திறன் உண்டு. போரில் வென்றால், வீழ்ந்த எதிரிகளில் ஒரு பங்கினர் எலும்புக்கூடுகளாக எழுந்து வென்றவரின் படையில் சேர்வார்கள். மூல விளையாட்டில் அந்தத் திறனின் மூன்று படிகள் 10, 20, 30 சதவீதம். முழுத் தேர்ச்சி பெற்ற ஒரு ஹீரோ 100 ஈட்டி வீரர்களைக் கொன்றால் 30 எலும்புக்கூடுகள் கிடைக்கும். இப்போது நகரத்தின் கணக்கைப் பாருங்கள்: எலும்புக்கூட்டின் அடிப்படை வரத்து வாரத்துக்கு 12, கோட்டையை முழுமையாக எழுப்பினால் 24, அதற்கென உள்ள சிறப்புக் கட்டடத்தையும் கட்டினால் 30. அதாவது, ஒரு நகரம் ஏராளமான பொன்னையும் மரத்தையும் விழுங்கி ஒரு வாரத்தில் தருவதை, ஒரே ஒரு போர் இலவசமாகத் தந்துவிடுகிறது. தலைக்கு 60 பொன் வீதம் 1,800 பொன் மிச்சம். இது ஒரு போருக்கு மட்டுமான கணக்கு. வாரத்துக்கு ஐந்தாறு போர்கள் நடக்கும் ஆட்டத்தில், மூன்றாம் வாரத்தின் முடிவில் எதிராளி எதைக் கொண்டுவந்தாலும் அந்த எலும்புக் குவியலின் முன் நிற்க முடியாது. அதனால்தான் பல குழுக்கள் நெக்ரோபோலிஸையோ அந்தத் திறனையோ தடை செய்துவிட்டு ஆடின.

ஹோட்டா அதைத் தடை செய்யவில்லை, அதன் தன்மையையும் மாற்றவில்லை. எண்களை மட்டும் பாதியாக்கி 5, 10, 15 சதவீதம் என்று வைத்தது. இறந்தவர்களை எழுப்பும் நகரம் இன்னும் இறந்தவர்களை எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறது; ஆனால் அந்த ஆட்டக்காரர் இப்போது மற்ற படையினரையும் பணம் கொடுத்து வாங்கியாக வேண்டும், எந்தப் போரில் எத்தனை பேரை இழக்கலாம் என்று யோசித்தாக வேண்டும். லாஜிஸ்டிக்ஸ் திறனிலும் இதே கைப்பக்குவம் தெரிகிறது. ஹீரோ ஒரு நாளில் நடக்கும் தூரத்தைக் கூட்டும் அந்தத் திறன் மூலத்தில் 10, 20, 30 சதவீதமாக இருந்தது. இங்கே 5, 10, 20. வேகமான படையை மட்டும் வைத்திருக்கும் ஹீரோவுக்கு ஒரு நாளைக்கு 2,000 நகர்வுப் புள்ளிகள், சமவெளியில் நேராக ஒரு கட்டம் நகர 100 புள்ளிகள் என்று கொண்டால், உச்சப் படியில் முன்பு 26 கட்டங்கள் நடந்தவர் இப்போது 24 நடக்கிறார். இரண்டு கட்டம்தானே என்று தோன்றும். ஆனால் எதிராளியின் வாசலை ஒரு நாள் முன்னதாகத் தொடுவதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த இரண்டு கட்டங்களில்தான் முடிவாகிறது.

இதற்கு நேர்மாறான வழியில் போனது 2001-இல் வந்த இன் தி வேக் ஆஃப் காட்ஸ் என்ற முந்தைய மோட். எட்டாம் நிலைப் பிராணிகள், ஒவ்வொரு ஹீரோவுடனும் போருக்கு வரும் தளபதி, படைப்பிரிவுகள் பெறும் அனுபவப் புள்ளிகள், வரைபடம் வரைபவர்கள் தாங்களே நிகழ்வுகளை எழுத ஒரு தனி நிரல்மொழி என்று அதில் இல்லாதது இல்லை. தனியாக ஆடுபவருக்கு அது ஒரு பெருவிருந்து. நானும் அதில் பல இரவுகளைக் கழித்திருக்கிறேன். இருவர் மோதும் ஆட்டத்துக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் எளிது: புதிய விதி ஒவ்வொன்றும் பழைய விதிகள் அனைத்தோடும் சேர்ந்து புதிய விளைவுகளைப் பெற்றெடுக்கிறது, அவற்றை எல்லாம் சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆயுள் போதாது.

ஹோட்டா எண்களை மட்டுமே திருத்தியது என்று சொல்லிவிடவும் முடியாது. ரெசிஸ்டன்ஸ் என்ற திறனை அது வழக்கத்திலிருந்து விலக்கியது. எதிரியின் மந்திரம் நம் படைமீது பலிக்காமல் போக உச்சப் படியில் 20 சதவீத வாய்ப்பைத் தந்த திறன் அது. ஐந்தில் நான்கு முறை அதனால் பயனே இல்லை. ஐந்தாவது முறையோ, பல மணி நேரம் திட்டமிட்டு வந்த எதிராளியின் கடைசிப் போரை அது குலைத்துவிடும். வைத்திருப்பவருக்கும் நம்பிக்கை இல்லை, எதிர்கொள்பவருக்கும் நியாயம் இல்லை. அதன் இடத்தில் வந்த இன்டர்ஃபியரன்ஸ், எதிர் ஹீரோவின் மந்திர வலிமையை உச்சப் படியில் 30 சதவீதம் குறைக்கிறது. முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம், தோற்றாலும் ஏன் தோற்றோம் என்பது தெரியும். என் பார்வையில் இந்த மோட் செய்த மிகச் சிறந்த திருத்தம் இதுதான், எலும்புக்கூடுகளைப் பாதியாக்கியதுகூட அடுத்த இடத்தில்தான்.

புதிய நகரங்களை உருவாக்குவதில் ஆபத்து அதிகம். முதல் விரிவாக்கத்தில் ஃபோர்ஜ் என்ற இயந்திர நகரத்தைச் சேர்க்க நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் திட்டமிட்டபோது, வாளும் மந்திரமும் உள்ள உலகில் அறிவியல் ஆயுதங்களா என்று ரசிகர்கள் கொதித்தெழ, அந்த எண்ணம் கைவிடப்பட்டு கான்ஃப்ளக்ஸ் வந்தது. அவசரத்தின் தழும்புகள் அதில் தெரிகின்றன. மற்ற நகரங்களில் ஏழாம் நிலைப் பிராணி வாரத்துக்கு ஒன்று வீதம் கிடைக்க, கான்ஃப்ளக்ஸில் மட்டும் இரண்டு. அதன் உயர் வடிவமான ஃபீனிக்ஸின் வேகமோ 21, ஆட்டத்திலேயே அதிகம். ஆடுபவர்கள் இதைச் சகித்துக்கொள்ளாமல் பல போட்டிகளில் அந்த நகரத்தையே ஒதுக்கினார்கள். (இயந்திரங்களும் துப்பாக்கிகளும் கொண்ட ஃபாக்டரி என்ற நகரத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஹோட்டா குழு கொண்டுவந்தபோது ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள். செய்தவர்கள் தம்மவர்கள் என்றால் மன்னிப்பும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது.)

ஹோட்டாவின் முதல் சொந்த நகரமான கடற்கொள்ளையர் நகரம் கோவ், பழைய இலக்கணத்துக்கு உள்ளேயே நின்று எழுதப்பட்டது. இதைப் புரிந்துகொள்ளச் சேதக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அடிப்பவரின் தாக்குதல் புள்ளி, அடிவாங்குபவரின் தற்காப்புப் புள்ளியைவிட எத்தனை கூடுதலோ, ஒவ்வொன்றுக்கும் சேதம் 5 சதவீதம் கூடும்; எத்தனை குறைவோ, ஒவ்வொன்றுக்கும் 2.5 சதவீதம் குறையும். மூல விளையாட்டின் ஏன்ஷியன்ட் பெஹிமோத் என்ற பிராணி, எதிரியின் தற்காப்பில் 80 சதவீதத்தை மதிப்பதே இல்லை. அதன் தாக்குதல் புள்ளி 19. தற்காப்பு 30 உள்ள ஒரு படையை அது அடித்தால், முறைப்படி சேதம் 27.5 சதவீதம் குறைந்திருக்கவேண்டும். ஆனால் அந்த 30 வெறும் 6 ஆகிவிடுவதால் 65 சதவீதம் கூடுகிறது. ஒரே அடி இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. கோவ் நகரத்தின் நிக்ஸ் வாரியர் இதே விதியின் மறுபக்கம்: அடிப்பவரின் தாக்குதல் புள்ளியில் 60 சதவீதத்தை அது கழித்துவிடுகிறது. தாக்குதல் 30 உள்ள ஆர்க்கேஞ்சல் அதன் முன் 12 உள்ள சாதாரண வீரனாகிறது. புதிய விதி ஒன்றையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, அடிக்கும் முன் கணக்குப் போட்டால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் நகரங்கள் சமமாகிவிட்டனவா என்றால், இல்லை, ஆகவும் முடியாது. எந்த வரைபடம் என்று சொல்லாமல் எந்த நகரம் வலியது என்று கேட்பதில் பொருளில்லை. சிறிய வரைபடத்தில் முதல் இரண்டு வாரங்களுக்குள் மோதல் வந்தால், மலிவாகக் கட்டி விரைவில் பெஹிமோத்தை இறக்கும் ஸ்ட்ராங்ஹோல்டு நகரம் முந்தும். ஆட்டம் இரண்டாம் மாதத்துக்கு நீண்டால், மந்திரம் வளர்ந்த நகரங்கள் அதைத் தின்றுவிடும். போட்டி ஆட்டக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, பொன்னை வைத்துப் பேரம் பேசுவது. இரண்டு நகரங்கள் வந்து நிற்கும். நல்ல நகரத்தை விரும்புபவர் தன் தொடக்கப் பொன்னில் இத்தனையை எதிராளிக்கு விட்டுத்தருவதாகச் சொல்வார். மற்றவர் அதற்குமேல் கேட்பார். நம் ஊர் ஏலச்சீட்டில் தொகையை முன்னதாக எடுப்பவர் தள்ளிக் கேட்பதைப் போன்றதுதான் இது. எந்த நகரத்துக்கு எந்த வகை வரைபடத்தில் எவ்வளவு மதிப்பு என்பதை மோட் உருவாக்கியவர்கள் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடுபவர்களே சொல்லிவிடுகிறார்கள். சமநிலையைப் பட்டியலில் தேடும் மோட் ஆசிரியர்கள் பலர் இந்தப் பேரத்தைக் கவனிப்பதே இல்லை என்பது என் குறை.

பேரத்தில் அடிக்கடி கீழே கிடப்பது இன்ஃபெர்னோ என்ற நகரம். கட்டடங்கள் விலை அதிகம், இடைநிலைகளில் உள்ள படையினர் மெதுவானவர்கள். அதைக் கைகொடுத்துத் தூக்கவேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அதன் பிராணிகளின் புள்ளிகளைக் கூட்டச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நகரத்தில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. அதன் ஐந்தாம் நிலையிலுள்ள பிட் லார்டு, போரில் வீழ்ந்த சொந்தப் படையினரை டீமன்களாக எழுப்பும். ஒரு பிட் லார்டு எழுப்பக்கூடியது 50 உயிர்ப்புள்ளி, ஒரு டீமனுக்குத் தேவை 35. ஏழு பிட் லார்டுகள் இருந்து, போதுமான மலிவுப் படையினரைத் தெரிந்தே சாகவிட்டால், ஒரே போரில் பத்து டீமன்கள். நகரத்தின் அடிப்படை வரத்தோ வாரத்துக்கு நான்குதான். சொந்த ஆட்களைப் பலிகொடுத்துப் படை வளர்க்கும் இந்தக் கொடூரமான கணக்கு நரக நகரத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். டீமனின் வேகத்தில் ஒரு புள்ளி கூட்டினால் இன்ஃபெர்னோ மற்ற நகரங்களைப் போலக் கொஞ்சம் ஆகும். பிட் லார்டு கிடைக்கும் கட்டடத்தின் விலையைக் குறைத்தால் அந்தக் கணக்கு ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கும். அடுத்த பதிப்பில் இன்ஃபெர்னோவைத் தொடுவதாக இருந்தால், நான் கேட்பது இரண்டாவதை.