கச்சான் காற்று என்றேன்

"கச்சான் காத்துத்தானே ஐயா, மனிசருக்கே தாகம் அடங்குதில்ல" என்று நான்தான் சொன்னேன். நாய் இரவில் எழும்பிப் போய் வாளித் தண்ணியைக் குடிக்குது என்று நாயின் சொந்தக்காரர் சொன்னதற்கு, மிருக வைத்தியனான என் பதில் அது. கச்சான் எங்கள் பக்கத்து வறண்ட காற்று. கையில் ரிப்போட். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், இரத்தத்தில் 1.3. மனிதருக்குப் பார்க்கும் லாபில் செய்தது, அவர்கள் அச்சடித்திருந்த எல்லைக்குள்தான். "கிட்னி நல்லா இருக்கு" என்றேன். கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி மனே" என்று போனார்.

பொய் சொல்லவில்லை. 1.4க்குக் கீழே என்றால் சிறுநீரக நோயைப் படிகளாகப் பிரிக்கும், நாய்க்கான ஐரிஸ் அட்டவணையிலும் முதல் படிதான். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அந்த நாய்க்குத் தசை எங்கே இருந்தது? முதுகைத் தடவினால் முள்ளந்தண்டு பாசிமணி மாதிரி விரலில் தட்டியது. 12 வயது. அந்த உடம்புக்கு 1.3 கூடுதல். சிறுநீரகத்தில் முக்கால்வாசி போன பிறகுதான் இந்த எண் ஏறும் என்று மனப்பாடம் செய்தவன் வேறு. முன்கூட்டியே காட்டுகிற எஸ்டிஎம்ஏ பரிசோதனை எங்களிடம் இல்லை, சரி. சலம், அதாவது சிறுநீர்? ஒரு துளியை அடர்த்தி பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பார்க்க ரெண்டு நிமிசம். 1.030க்கு மேல் அடர்த்தி என்றால் கச்சானைக் குற்றம் சொல்லலாம். 1.010 பக்கம் நின்றால், தண்ணியைப் பிடித்துவைக்கச் சிறுநீரகத்துக்கு முடியவில்லை. கருவி மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது.

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அன்றே தெரிந்திருந்தாலும் பொஸ்பரஸ் குறைந்த சாப்பாடு, சில மாதம், அவ்வளவுதான், குணப்படுத்த முடியாது. சில மாதம் 12 வயது நாய்க்குச் சின்னக் கணக்கா என்றும் தோன்றும்.

ரெண்டு மாதம் கழித்து வாந்தியோடு தூக்கிவந்தார். வாய் நாறியது. கிரியேட்டினின் 6.2. சேலன் ஏற்றினோம், மூன்றாம் நாள் செத்துவிட்டது. சாரத் துணியில் சுற்றும்போது சொன்னார்: "அண்டைக்கு நல்லா இருக்கெண்டுதானே சொன்னீங்க மனே. அதுக்குப் பிறகு பிடிச்ச வருத்தம் போல. வயலுக்க எலிச் சலம் பட்டிருக்கும், என்ன?"

எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீரகத்தையும் பிடிக்கும். "இருக்கலாம் ஐயா" என்றேன். வாளித் தண்ணிக் கதையை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்போது கிழ நாய் வந்தால் சலமும் கொண்டுவரச் சொல்கிறேன். பாதிப் பேர் கொண்டுவருவதில்லை, எல்லாரையும் திருப்பிக் கேட்கிறேன் என்றும் சொல்ல முடியாது. போன கிழமை கல்லடிப் பாலத்தடியில் அவரைக் கண்டேன். புதுசாக ஒரு குட்டி வைத்திருக்கிறாராம்.

"ஊசி போட உங்களிட்டத்தான் கொண்டு வருவன்."

ஓம் என்றேன்.