கையால் நகர்த்தும் சி.என்.சி. ரவுட்டரில் பல்லாங்குழிப் பலகை: வட்டமும் குழியும் வெட்டிப் பார்த்த அனுபவம்

தேக்கில் ஒரு பல்லாங்குழிப் பலகை செய்துகொண்டிருக்கிறேன். 600 மி.மீ. நீளம், 160 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள், பலகையின் ஒரு முனையில் புளியங்கொட்டைகளைப் போட்டு வைக்க மூடியுடன் கூடிய வட்டப் பெட்டி. பதினான்கு குழிகளும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் அமைய வேண்டும், மூடி ஆடாமலும் இறுகாமலும் உட்கார வேண்டும் என்பதால், கையால் நகர்த்தும் சி.என்.சி. ரவுட்டரில் (கணினிக் கட்டுப்பாட்டில் மரத்தைக் குடைந்து வெட்டும் கருவி) வட்டம் வெட்டுவதை முழுமையாகப் பழகிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

கருவி ஷேப்பர் ஆரிஜின். இதன் அடிப்படைக் கருத்தை எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அலெக் ரிவர்ஸ், இலான் மோயர், ஃப்ரேடோ டுராண்ட் ஆகியோர் 2012-ஆம் ஆண்டு சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். டாமினோ வடிவங்கள் அச்சிட்ட நாடாவை ஒட்டி, கேமராவால் அதை ஒருமுறை படித்துக்கொள்ளச் செய்தால், கருவி தான் எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்கிறது. நாம் வெட்ட வேண்டிய கோட்டை ஒட்டித் தோராயமாகத் தள்ளிக்கொண்டு போக, நம் கையின் தடுமாற்றத்தை ஸ்பிண்டில் (பிட் எனப்படும் வெட்டுமுனையைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) உள்ளுக்குள் நகர்ந்து சரிசெய்துகொள்கிறது. கோட்டைவிட்டு மிகவும் விலகிப் போனால் பிட் தானாகவே மேலே எழும்பிவிடும். கட்டிலைப் போன்ற பெரிய மேடை எதுவும் தேவையில்லை என்பதால் நீளமான பலகை இதற்கு ஒரு சுமையே அல்ல.

தேக்கைத் தொடுவதற்கு முன், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு ஒன்றில் 60 மி.மீ. விட்டத்தில் ஒரு துளையையும், அதே விட்டத்தில் ஒரு வட்டத் தட்டையும் வெட்டி வெர்னியரால் அளந்தேன். துளை 59.88 மி.மீ., தட்டு 60.12 மி.மீ. இருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் விளங்கும். உறையில் 6 மி.மீ. என்று குறித்திருந்த பிட், உண்மையில் 5.88 மி.மீ. மட்டுமே வெட்டுகிறது. பிட் சிறியதாக இருந்தால் துளைக்குள் ஓடும்போது சுவரை எட்டாது, தட்டுக்கு வெளியே ஓடும்போதும் விளிம்பை எட்டாது. ஆகவே துளை சுருங்குகிறது, தட்டு பெருக்கிறது, இரண்டும் சேர்ந்து 0.24 மி.மீ. இறுக்கமாகிவிடுகிறது. வரைபடத்தில் துளையைப் பெரிதாக்கி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. அது அந்த ஒரு துளைக்கு மட்டுமே உதவும். கருவியில் பிட்டின் விட்டத்தை 5.88 என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் அதன்பின் வெட்டும் எல்லா வட்டங்களும், உள்ளும் வெளியும், சொன்ன அளவுக்கு வந்துவிடுகின்றன. பிட்டைச் சாணை பிடித்தாலோ புதிதாக மாற்றினாலோ இந்தச் சோதனையை மீண்டும் செய்தே ஆகவேண்டும்.

அடுத்தது தாங்குபலகை. 160 மி.மீ. அகலத்தில் கருவியின் அடித்தட்டு முழுமையாக உட்காராது, ஓரக் குழிகளில் அது சாய்ந்தால் குழியின் தரையும் சாய்ந்துதான் போகும். அதே 25 மி.மீ. கனத்துக்கு இழைத்த பலகைகளை நான்கு புறமும் நெருக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே அடிப்பலகையின் மேல் அசையாதபடி இறுக்கினேன். நாடாவைப் பெரும்பாலும் இந்தத் தாங்குபலகைகளில்தான், கேமரா முன்னோக்கிப் பார்க்கும் திசையில், வரிசையாக ஒட்டினேன். குழி வரும் இடத்திலேயே நாடாவை ஒட்டினால் பிட் அதையும் சேர்த்து அரைத்துவிடும், வேலை நடக்க நடக்கக் கருவிக்கு அடையாளங்கள் குறைந்துகொண்டே வரும். பிறகு, சுழலாத பிட்டைப் பலகையின் இரண்டு ஓரங்களிலும் தொடச் செய்து, கருவி இடங்களை அளப்பதற்கான கட்டத்தை அமைத்துக்கொண்டேன். குழிகளின் மையங்கள் 66 மி.மீ. இடைவெளியில் நேர்க்கோட்டில் அமைந்ததற்கு இதுவே காரணம்.

குழியின் வடிவத்தைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். இந்தக் கருவியின் பாக்கெட் முறை தட்டையான தரையும் செங்குத்தான சுவரும் கொண்ட பள்ளத்தையே வெட்டும். சோதனைத் துண்டில் அப்படி ஒரு குழியை வெட்டிப் புளியங்கொட்டைகளைப் போட்டு அள்ளிப் பார்த்தபோது, சுவரின் அடிமூலையில் ஒட்டிக்கொள்ளும் கொட்டைகளை விரலால் எடுக்க முடியவில்லை. பல்லாங்குழியில் ஒரே வீச்சில் அள்ளுவதுதான் ஆட்டத்தின் ஓட்டம், அது தடைபடக் கூடாது. எனவே கிண்ண வடிவத்தைப் படிகளாகப் பிரித்தேன். வாயில் 56 மி.மீ. விட்டம், வளைவின் ஆரம் 35 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 2 மி.மீ. ஆழத்தில் வட்டத்தின் ஆரம் 26.4 மி.மீ. வருகிறது. 4, 6, 8, 10, 12 மி.மீ. ஆழங்களில் முறையே 24.5, 22.3, 19.6, 16.2, 11.7 மி.மீ. வருகிறது. இந்த ஆறு ஒருமைய வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பாக்கெட் முறையில் வெட்டினால், கோயில் குளத்துப் படிகளைப் போல ஒரு குழி கிடைக்கிறது. ஒவ்வொரு படியின் உள்மூலையும் உண்மையான வளைவைத் தொட்டுக்கொண்டிருப்பதால், நகவுளியால் (வளைந்த வாயுள்ள உளி) படிகளின் முனைகளைச் சீவி அந்த மூலைகள் மறையும் இடத்தில் நிறுத்திவிட்டால் போதும், வளைவு தானாக அமைந்துவிடும். அதன்பின் 80, 120, 180 எண் உப்புத்தாள்கள். கையால் முடிக்கும் இந்த வேலை நேரம் பிடிக்கிறது. ஆனாலும் எந்திரம் மட்டுமே வெட்டிய குழியை விட இது கைக்கு இதமாக இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வெட்டும் முறையைப் பற்றிச் சில குறிப்புகள். மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அதனால் குழியின் உட்சுவரை வலஞ்சுழியாகவும், தட்டின் வெளிவிளிம்பை இடஞ்சுழியாகவும் சுற்றிவர வேண்டும். எதிர்த்திசையில் போனால் பிட் மரத்தைப் பற்றி ஏறிக் கருவியை முன்னே இழுக்கும். மேல்நோக்கித் தூளை வாரும் பிட் பள்ளத்தைச் சுத்தமாக வைத்திருந்தாலும், தேக்கின் நாரைக் குறுக்கே வெட்டும் இரண்டு இடங்களில் விளிம்பில் சிலாம்பு எழுப்புகிறது. இதைத் தவிர்க்க, முதல் படியின் வட்டத்தை மட்டும் முதலில் 0.5 மி.மீ. ஆழத்தில் கோடுபோல ஒருமுறை வெட்டிவிட்டு, அதன்பின் முழு ஆழத்துக்கு இறங்கினேன். விளிம்பு கத்தியால் கீறியதைப் போலத் தெளிவாக வந்தது. சுவரைத் தொடும் கடைசிச் சுற்றுக்கு 0.3 மி.மீ. மரத்தை மிச்சம் வைத்துக்கொள்வதும் நல்லது. அந்தச் சுற்றில் பிட்டுக்குப் பளு குறைவு என்பதால் சுவரில் அதிர்வுத் தடம் விழுவதில்லை.

ஆழத்தைப் பொறுத்தவரை இந்தக் கருவிக்கு ஓர் இயல்பு உண்டு. பெரிய மேடை எந்திரம் தன் மேடைத் தளத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. இதுவோ மரத்தின் மேற்பரப்பின் மேலேயே ஊர்கிறது. பலகை சற்று வளைந்திருந்தாலும் குழியின் ஆழம் மேற்பரப்பைத் தொடர்ந்து ஏறக்குறைய மாறாமல் வரும். அதே காரணத்தால், அடித்தட்டுக்குக் கீழே ஒரு தூள் திரளை சிக்கினாலும் அந்த உயரம் அப்படியே தரையில் மேடாகப் பதிந்துவிடும். தூசு உறிஞ்சியை எப்போதும் இணைத்து வைப்பதும், ஒவ்வொரு படிக்கும் முன் பரப்பைத் துடைப்பதும் கட்டாயம். தேக்குத் தூள் மூச்சுக்கும் ஆகாது, முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

பெட்டிக்கு இரண்டு ஒருமைய வட்டங்கள். மூடி உட்காரும் படி 78 மி.மீ. விட்டத்தில் 6 மி.மீ. ஆழம், அதற்குள் 70 மி.மீ. விட்டத்தில் 16 மி.மீ. ஆழம். மூடியை 6 மி.மீ. தேக்குத் துண்டிலிருந்து வெட்டினேன். வட்டத் தட்டை முழுவதுமாக அறுத்து விடுவிக்கும் தருணத்தில் அது பிட்டில் சிக்கிச் சுழலாமல் இருக்க, அடியில் முழுப்பரப்புக்கும் இரட்டைப்பக்க டேப் ஒட்டினேன். மூடியின் விட்டம் 77.4 மி.மீ. சுற்றிலும் 0.3 மி.மீ. இடைவெளி. மரம் ஈரம் ஏறும்போது நாருக்குக் குறுக்கே விரிகிறது, நார் வழியே ஏறத்தாழ விரிவதில்லை. ஆகவே மழைக்காலத்தில் வட்ட மூடியும் அது உட்காரும் படியும் மிக லேசாக நீள்வட்டமாகும். இரண்டின் நாரும் ஒரே திசையில் இருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே விரியும், இடைவெளி மாறாது. மூடியைத் திருப்பி வைக்காதிருக்க, அதன் விளிம்பிலும் பலகையிலும் ஒரு சிறு கோட்டை வி வடிவப் பிட்டால் கீறியிருக்கிறேன். இப்போது ஒரு வரிசைக் குழிகள் உப்புத்தாள் வரை முடிந்துவிட்டன. அடுத்த வரிசை படிகளாக நிற்கிறது, அதைச் சீவி முடித்தபின் ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும்.