விறாந்தையில் பேசி முடித்த காசு

எங்கள் ஊர்ப்பக்கத்தில் "பேசி முடித்தல்" என்றொரு சொல் உண்டு. நான் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்தில், யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போய்வந்த அயல்வீட்டு அக்கா ஒருவருக்கு, அவரை ஏற்றி இறக்கிய வாடகைக் கார்ச் சாரதி இழைத்த கொடுமை வெளியே கசிந்தது. உடனே பெரியப்பா வீட்டு விறாந்தையில் நாலைந்து பெரியவர்கள் கூடிப் பேசி, சாரதியின் தமையன் கொண்டுவந்திருந்த மண்ணிறக் கடித உறையொன்றை அக்காவின் தகப்பனாருடைய கையில் கொடுப்பித்தார்கள். தேநீர்த் தட்டோடு போன நான் கண்டது, அந்த மனிதர் உறையைத் திறந்து பார்க்காமலே மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்க முயன்றதையும், அது அடங்காமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றதையும்தான். அக்காவை அந்த விறாந்தைக்கு ஒருவரும் அழைக்கவில்லை. பொலிசுக்குப் போவதில்லை, இனி இதைப் பற்றி எங்கும் கதைப்பதில்லை என்பதே அந்தக் காசின் நிபந்தனை. ஆனாலும் ஊர் அதை நட்டஈடு என்றுதான் சொன்னது.

சென்ற மாதம் அந்த உறை எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. செயலி வழியே அழைக்கும் வாடகை வாகனங்களில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அமெரிக்காவில் தொடுத்துள்ள வழக்குகளைப் பற்றி, கலிபோர்னியாவில் வாழும் என் மச்சாள் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தார். ஊபர் நிறுவனம் 2019 டிசம்பரில் தானே வெளியிட்ட அறிக்கையின்படி, 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் பாலியல் வன்முறை பற்றி 5,981 முறைப்பாடுகள் கிடைத்திருந்தன. சாரதிகளே பாதிக்கப்பட்டவையும் அந்த எண்ணிக்கையில் அடங்கும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. நாம் வாசிக்காமலே "ஏற்றுக்கொள்கிறேன்" என்று அழுத்திவிடும் நிபந்தனைகளுக்குள், பிணக்கு எதுவானாலும் நீதிமன்றத்துக்குப் போகாமல் மூடிய அறையில் நடுத்தீர்ப்பாளர் ஒருவர் முன் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற வாசகமும் இருந்திருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான தனிநபர்களைப் பொறுத்தவரை அந்தக் கட்டாயத்தையும், இணக்கத்துக்கு வந்தவர் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் நிறுவனம் கைவிட்டது 2018 மே மாதத்தில்தான். இத்தகைய கட்டாய நடுத்தீர்ப்புக்கு எதிராக அமெரிக்காவில் சட்டமே வந்தது 2022 மார்ச்சில். பெரியப்பாவின் விறாந்தை அங்கும் இருந்திருக்கிறது என்று மச்சாளிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

டெல்லியில் 2014 டிசம்பரில் ஊபர் சாரதியால் வன்புணர்வுக்கு உள்ளான பெண், மறு ஆண்டு அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, அதுவும் தொகை வெளியிடப்படாத இணக்கத்தில்தான் முடிந்தது. சாரதிக்கு டெல்லி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. தமது மருத்துவ ஆவணங்களை நிறுவனத்தின் அதிகாரிகள் பெற்றுப் பார்த்து, தாம் சொன்னதையே சந்தேகித்தார்கள் என்று குற்றஞ்சாட்டி அதே பெண் 2017 இல் மீண்டும் வழக்குப் போட வேண்டியிருந்தது என்பதை அறிந்தபோது, பாதிக்கப்பட்டவளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குணம் அல்ல என்று தெரிந்தது.

சாரதிகள் எங்கள் ஊழியர்கள் அல்லர், சுயாதீனமாகத் தொழில் செய்பவர்கள், ஆகவே அவர்கள் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது நிறுவனத்தின் வாதம். 2023 அக்டோபரில் பல மாநிலங்களின் வழக்குகள் சன்பிரான்சிஸ்கோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்ட பிறகும், சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு கேள்விதான். கலிபோர்னிய மாநில நீதிமன்றமொன்றில் 2025 செப்டெம்பரில் முடிந்த வழக்கில், நிறுவனம் கவனயீனமாக நடந்துகொண்டது என்று ஏற்றுக்கொண்ட ஜூரிகள், அந்தக் கவனயீனம் வழக்குத் தொடுத்த பெண்ணுக்கு நேர்ந்த தீங்குக்குக் கணிசமான காரணம் அல்ல என்றும் தீர்மானித்தார்கள். ஆகவே அவருக்குக் காசு கிடைக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன என்பதை அவர் திறந்த மன்றில் தம் வாயால் சொன்னார். அக்காவுக்கு அது கூடக் கிடைக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த விடயத்தில் ஊரை விடத் தெளிவானது. தண்டனைச் சட்டக் கோவையில் 1995 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வன்புணர்வுக் குற்றவாளிக்குச் சிறைத்தண்டனையோடு, பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்துமாறும் நீதிமன்றம் கட்டளையிட வேண்டும். அவருடைய அடையாளத்தை வெளியிடுவதும் அதே திருத்தத்தின் கீழ் குற்றமே. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்க 2015 இல் தனிச்சட்டம் வந்து, அதன் இடத்தில் 2023 இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், கட்டளை போவது சாரதிக்கு. லீசிங் காசு கட்டி முடியாத ஓட்டோவைத் தவிர வேறு சொத்தில்லாதவரிடமிருந்து பல மாதச் சிகிச்சைக்கும், உளவள ஆலோசனைக்கும், விட்டுப்போன வேலைக்கும் எவ்வளவைப் பெற முடியும்? ஒவ்வொரு சவாரியிலும் தரகு எடுத்துக்கொள்ளும் செயலி நிறுவனத்தின் மீது மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுப்பதென்றால், காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தரும் அவகாசம் இரண்டே ஆண்டுகள். வீட்டாரிடம் வாய் திறப்பதற்கே அதை விடக் கூடுதலான காலம் எடுத்த பெண்கள் எத்தனை பேர்!

இதை எழுதும்போதே, "காசுக்காகத்தான் கேஸ் போட்டவள்" என்ற பேச்சும் காதில் கேட்கிறது. விறாந்தையில் கொடுத்த காசை மரியாதை என்றும், நீதிமன்றத்தில் கேட்கும் காசைப் பேராசை என்றும் சொல்லப் பழகிய ஊர் இது.

இப்போது யாழ் நகரிலும் செயலியில் ஓட்டோ வருகிறது. புகையிரத நிலையத்திலிருந்து இரவில் நான் வீடு திரும்பும்போதெல்லாம், அம்மா தொலைபேசியில் இலக்கத்தகட்டைச் சொல்லச் சொல்லி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சீ.ஆர். கொப்பியில் திகதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்கிறார். செயலியிலேயே எல்லாம் பதிவாகும் அம்மா என்றால், "அது அவங்கட கையில இருக்கிற பதிவு, இது எங்கட கையில இருக்கிறது" என்கிறார். சென்ற வாரம் அந்தக் கொப்பி முடிந்துவிட்டது. புதியது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழையதை எறிய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.